மலிவு சவுண்ட் டிகோடர்: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு

டிசிசி என்கிற டிஜிட்டல் கட்டுப்பாட்டில் ஓடுகிற மாடல் ரயில் இன்ஜினுக்குச் சத்தம் சேர்க்க 100 பவுண்டுக்கு மேல் செலவழித்துத்தான் ஆக வேண்டுமா என்று கேட்டால், டீசல் என்றால் தேவையில்லை, நீராவி என்றால் கொஞ்சம் யோசியுங்கள், யார்டில் பெட்டிகளை நகர்த்தி அடுக்குகிற ஷண்டிங் இன்ஜின் என்றால் காசைச் சேர்த்துவைத்து நல்லதாகவே வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஓஓ என்கிற 1:76 அளவில் நான் வைத்திருக்கும் பிரிட்டிஷ் லேஅவுட்டில் மலிவு டிகோடர்களையும் விலை கூடியவற்றையும் சில வருடங்களாகக் கலந்து ஓட்டியதில் வந்த முடிவு இது.

புதியவர்களுக்காக ஒரு வரி. டிசிசி-யில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும், ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் இருக்கிற டிகோடர் தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டாரையும் விளக்கையும் இயக்கும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் செய்ததை அடிப்படையாக வைத்து அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ 1990-களில் அதைப் பொதுத் தரமாக்கியது, அதனால்தான் ஒரு கம்பெனி கன்ட்ரோலரில் இன்னொரு கம்பெனி டிகோடர் ஓடுகிறது. சவுண்ட் டிகோடர் இதே வேலையோடு, பதிவு செய்த இன்ஜின் ஒலியையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்பும்.

மேல்தட்டில் இருப்பவை இஎஸ்யு நிறுவனத்தின் லோக்சவுண்ட் 5, ஜிமோ நிறுவனத்தின் எம்எஸ் வரிசை. 16 பிட் ஒலி, ஒரே நேரத்தில் பல சத்தங்கள், வேண்டியபோது வேறு இன்ஜின் ஒலியை ஏற்றும் வசதி எல்லாம் உண்டு. கீழ்த்தட்டுக்கு வழி திறந்ததில் ஹார்ன்பியின் டிடிஎஸ் வரிசைக்குப் பெரிய பங்கு: பாதி விலைக்கும் குறைவாக, 8 முனை பிளக்கோடும் ஒரு வட்ட ஸ்பீக்கரோடும் வந்தது, ஆனால் அதில் இருக்கிற ஒலி இருக்கிறதுதான், மாற்ற முடியாது. அப்புறம் வேறு சில மலிவு வகைகளும் வந்துவிட்டன. என்னிடம் இருப்பவை கலவை, எனவே கீழே சொல்லும் குறைகளை எந்த ஒரு கம்பெனியின் தலையிலும் கட்டவேண்டாம், அந்த விலைக்கு அப்படித்தான் வரும்.

காசு எங்கே மிச்சம் பிடிக்கப்படுகிறது என்பதுதான் விஷயம். ஒலியில்தான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், நானும் வாங்கும்போது அதைத்தான் எதிர்பார்த்தேன், ஆனால் ஓட்டிப் பார்த்தால் அதிகமாகத் தெரிவது மோட்டார் கட்டுப்பாட்டில்தான். இரண்டடி தள்ளி நின்று கேட்கும்போது, அதுவும் சின்ன ஸ்பீக்கரில், பதிவின் தரத்தில் இருக்கிற வித்தியாசத்தைப் பாதிப் பேர் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் கன்ட்ரோலரின் முதல் வேகப்படியில், அதாவது மிகக் குறைந்த வேகத்தில், ஒரு இன்ஜின் வெடுக்கென்று கிளம்பினால் அறையில் இருக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும்.

முதலில் ஸ்பீக்கரைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மலிவு டிகோடருக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுதான். ஸ்பீக்கரின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கும், இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அடித்துவிடும், அதிலும் கனமான கீழ்ச்சத்தம்தான் முதலில் காணாமல் போகும். பெட்டி இல்லாமல் பாடிக்குள் சும்மா கிடக்கிற ஸ்பீக்கர் தகர டப்பாவுக்குள் மாட்டிய வண்டு மாதிரிதான் கத்தும். பின்பக்கத்தை ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டியால் மூடி, ஓரத்தில் இடைவெளியே இல்லாமல் ப்ளூடேக் என்கிற ஒட்டும் களிமண்ணை வைத்து அழுத்திவிட்டால் அதே டிகோடர், அதே பதிவு, வேறு இன்ஜின் மாதிரி ஆகிவிடும். செல்போன் ஸ்பீக்கரிலிருந்து வந்த 15-க்கு 11 மில்லிமீட்டர் ‘சுகர் க்யூப்’ வகைகள் சில பவுண்டுக்கே கிடைக்கின்றன, பெரும்பாலான இன்ஜினுக்குள் எங்கேயாவது நுழைந்துவிடும். வாங்கும்போது ஓம் அளவை மட்டும் டிகோடர் கேட்பதோடு பொருத்திப் பாருங்கள், 8 ஓம் கேட்கிற டிகோடரில் 4 ஓம் போட்டால் ஆம்ப்ளிஃபயருக்குச் சுமை கூடும். ஸ்பீக்கர் வயரின் அம்மணமான முனை உலோகச் சேசிஸில் பட்டாலும் ஆம்ப்ளிஃபயர் போய்விடலாம், எனவே சால்டர் வைத்த இடத்தில் ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி மூடும் குழாய்) கட்டாயம்.

இதை முதலில் செய்து பார்த்தது கிளாஸ் 37 என்கிற பிரிட்டிஷ் டீசலில். 1960-லிருந்து 1965 வரை 309 கட்டினார்கள், இங்கிலீஷ் எலெக்ட்ரிக்கின் 12 சிலிண்டர் எஞ்சின், உறுமுகிற உறுமலுக்கு ரசிகர்கள் ‘குரோலர்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெட்டி கட்டிய பிறகு அந்த உறுமல் ஓரளவு வந்தது. கூடவே ஒரு புதுத் தொல்லையும் வந்தது: எஞ்சின் வேகம் ஏறும்போது ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் ‘ஜ்ஜ்ர்’ என்று அதிர்வு. ஸ்பீக்கரைக் கழற்றினேன், வயரை ஒட்டினேன், போகவில்லை. விரலை ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்ததில், டிரைவர் கேபினின் பக்கவாட்டு ஜன்னல் கண்ணாடியைத் தொட்டபோது சத்தம் நின்றது. ஓரத்தில் ஒரு சொட்டு பிவிஏ பசை வைத்ததோடு சரி, அதற்குப் பிறகு அந்த அதிர்வு இல்லை. மலிவு டிகோடரின் ஒலி கரகரக்கிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் தங்கள் இன்ஜினின் ஜன்னல்களைத் தொட்டுப் பாருங்கள்.

ஒலி அளவு, தயவுசெய்து குறையுங்கள். கடையில் கவனத்தை இழுக்கத்தானோ என்னவோ, மலிவு வகைகள் காது கிழிகிற அளவில் வருகின்றன. பாதிக்கும் கீழே இறக்கினால் பின்னணி இரைச்சலும் இறங்கும், இயல்பாகவும் இருக்கும், வீட்டில் இருக்கிறவர்களும் கதவைச் சாத்த மாட்டார்கள். ஸ்டேஷனில் மூன்று டீசல் சேர்ந்து ஐடிலில் நின்றால் பத்து நிமிடத்தில் எனக்கே தலைவலி வந்துவிடும், அப்போது கன்ட்ரோலரில் எஃப்1 பட்டனை அழுத்தி இரண்டை ஊமையாக்கிவிடுவேன்.

சரி, மோட்டார். இதற்குப் பலரும் பல காலமாகச் செய்கிற வழி ஒன்று இருக்கிறது, எனக்கும் அதுதான் கைகொடுத்தது: ஒரே இன்ஜினுக்குள் இரண்டு டிகோடர். சவுண்ட் டிகோடரிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஆரஞ்சு, சாம்பல் நிற வயர்கள் இரண்டையும் துண்டித்து முனைகளை மூடிவிட்டு, மோட்டாரை நல்ல சாதாரண டிகோடர் ஒன்றிடம் கொடுத்துவிடுவது. தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் சிவப்பு, கறுப்பு வயர்கள் இரண்டு டிகோடருக்கும் பொது. இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் கன்ட்ரோலருக்கு அது ஒரே இன்ஜின்தான். இரண்டும் சேர்ந்தாலும் விலை மேல்தட்டை எட்டாது, ஊர்ந்து போவதோ வெண்ணெய் மாதிரி இருக்கும். இடம்தான் பிரச்சினை, கிளாஸ் 37 மாதிரி நீளமான டீசலில் கவலையில்லை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, எங்கும் தெளிவாக எழுதக் காணோம். டிகோடரின் அமைப்புகளை மாற்றுவதற்கென்று வைத்திருக்கும் புரோகிராமிங் தண்டவாளத்தில் டிகோடர் ‘கேட்டது, செய்துவிட்டேன்’ என்று பதில் சொல்வது பொதுவாக மோட்டாரை ஒரு கண்ணிமைப்பு நேரம் துடிக்கவைத்துத்தான். அந்தத் துடிப்பில் கூடும் மின்னோட்டத்தைக் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். மோட்டார் வயரை வெட்டிவிட்டால் பதில் எப்படி வரும்? டிகோடர் செத்துவிட்டது என்று கன்ட்ரோலர் சொல்லும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். எனவே எண், ஒலி அளவு, சிவி 3, சிவி 4 எல்லாவற்றையும் வெட்டுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். சிவி என்பது டிகோடருக்குள் எழுதிவைக்கும் அமைப்பு, சிவி 3 வேகம் ஏறுவதற்கு, சிவி 4 இறங்குவதற்கு. இவை இரண்டு டிகோடரிலும் ஒத்துப்போகவில்லை என்றால், எஞ்சின் சத்தம் ஓய்ந்து ஐடிலுக்கு வந்த பிறகும் வண்டி பிளாட்பாரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். இரண்டிலும் ஒரே மதிப்பைப் போட்டாலும் காதால் கேட்டுத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

நீராவிக்கு வருவோம். இரண்டு சிலிண்டர் இன்ஜினில் சக்கரம் ஒரு சுற்றுக்கு நாலு ‘சஃப்’ (நீராவி வெளியேறும் சத்தம்), கிரெஸ்லி வடிவமைத்த ஏ4 மாதிரி மூன்று சிலிண்டர் என்றால் ஆறு. பல மலிவு டிகோடர்கள் சக்கரம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை, வேகப்படியைப் பார்த்து ஊகிக்கின்றன. வேகத்தில் போகும்போது இது ஒரு பொருட்டே இல்லை: பிளாக் ஃபைவ் என்கிற இரண்டு சிலிண்டர் இன்ஜினின் 6 அடி சக்கரம் மணிக்கு 60 மைலில் சுற்றினால் நொடிக்கு 18-க்கும் மேல் சஃப் வரும், யார் எண்ணுவது. ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போதுதான் குட்டு வெளிப்படும், பிஸ்டன் கம்பி ஒரு தாளத்தில் போக, சத்தம் வேறு தாளத்தில் போகும். சிலருக்கு இது கண்ணில் படவே படாது. எனக்கு ஒருமுறை பட்டபிறகு விடவே இல்லை, அதனால் ஏ4-ல் இருந்ததைக் கழற்றிவிட்டேன். பின்னால் வரும் நிலக்கரி வண்டியான டெண்டரில் ஸ்பீக்கருக்கு வேண்டிய இடம் இருப்பது மட்டும்தான் நீராவியில் ஒரு சௌகரியம்.

நாள்பட ஓட்டியதில் தெரிந்த இன்னொன்று, தூசி. சத்தமில்லாத இன்ஜின் அழுக்குத் தண்டவாளத்தில் ஒரு கணம் மின்சாரம் விட்டுப்போனால் லேசாகத் தயங்கிவிட்டுப் போய்விடும். சவுண்ட் இன்ஜினோ எஞ்சின் ஸ்டார்ட்டிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும், சிலது அந்த ஸ்டார்ட் ஒலி முடியும்வரை நகரவே நகராது. இந்தக் கணங்களைத் தாண்டவைக்கிற ஸ்டே அலைவ் கெபாசிட்டரை இணைக்க மலிவு வகைகள் பலவற்றில் வசதி கிடையாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் அடிக்கடி துடைப்பதுதான் வழி, சவுண்ட் வந்தபிறகு நான் துடைக்கிற துடைப்பு அதற்கு முன்பு துடைத்ததில்லை.

இப்போது புதிதாக வாங்குகிறவர்களுக்கு நடுத்தர விலையில் ஹார்ன்பியின் எச்எம்7000 இருக்கிறது, செல்போனில் ப்ளூடூத் வழியாக வேறு ஒலியை ஏற்றிக்கொள்ளலாம், கெபாசிட்டரும் சேர்க்கலாம். அமெரிக்க வகைகள் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: அமெரிக்காவின் இஎம்டி நிறுவனத்தின் 567 டீசல் எஞ்சின் ஒலி இருக்கிறதா என்று பாருங்கள், கொழும்புத் திட்டம் என்கிற நாடுகளுக்கிடையேயான உதவித் திட்டத்தில் கனடா இலங்கைக்குக் கொடுத்த எம்2 இன்ஜின்களுக்குள் இருப்பது அந்தக் குடும்பம்தான். அந்தச் சத்தத்தோடு வளர்ந்தவர்களுக்கு 37-ன் உறுமலெல்லாம் பிறகுதான்.

என் ஷண்டிங் இன்ஜினான கிளாஸ் 08-க்கு மட்டும் இன்னும் சத்தமில்லை. ஆறே சக்கரம், உள்ளே இரண்டு டிகோடருக்கு இடமில்லை, வாழ்நாள் முழுக்க ஊர்ந்து போவதுதான் அதன் வேலை. லோக்சவுண்டின் மைக்ரோ வகை, ஒரு ஸ்டே அலைவ், ஒரு சுகர் க்யூப் என்று கணக்குப் போட்டால் இன்ஜின் விலையைத் தொடுகிறது. பழைய மாடல் ரயில் பெட்டிகள் சிலவற்றை விற்றுவிட்டு வாங்கலாம் என்றிருக்கிறேன்.