ஐந்தாவது பெயர்: ஹெஸ்லி ரிவேராவா, லியான் வாங்கா?

2024 ஜூலை 1, திங்கட்கிழமை விடியற்காலை. மினியாபொலிஸில் பாரிஸ் ஒலிம்பிக்கிற்கான அமெரிக்கப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணித் தேர்வின் கடைசி இரவு நடந்துகொண்டிருந்தது. இங்கே நானும் அக்காவும் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் ஆளுக்கு ஐந்து பெயர் எழுதி மடித்து வைத்தோம். பிரித்துப் பார்த்தால் நாலு பெயர் ஒன்றேதான்: சிமோன் பைல்ஸ், சுனி லீ, ஜோர்டன் சைல்ஸ், ஜேட் கேரி. ஐந்தாவதாக அக்கா ஹெஸ்லி ரிவேரா என்று எழுதியிருந்தாள். நான் எழுதியது லியான் வாங். தேர்வுக் குழு அக்கா பக்கம் சாய்ந்துவிட்டது. லியானும் ஜோஸ்லின் ரோபர்சனும் மாற்று வீராங்கனைகளாகப் பாரிஸ் போகிறார்கள். ஆனாலும் நான் என் தாளைத் திருத்தவில்லை.

முதல் நால்வரைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பைல்ஸ் இரண்டு நாளும் சேர்த்து 117.225 எடுத்து நேரடியாக உள்ளே வந்தார். அடுத்து வந்த சுனி லீ 111.675. இடைவெளியைப் பார்த்தாலே போதும். நால்வரும் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடியவர்கள். சுனி அங்கே ஆல்-அரவுண்டில் (நாலு கருவியும் சேர்த்து) தங்கம், ஜேட் ஃப்ளோரில் (தரை விரிப்பில் ஆடுவது) தங்கம்.

ரோபர்சனையும் சீக்கிரம் முடித்துவிடலாம். அவருடைய பலம் வால்ட்டும் (ஓடிவந்து மேசை மேல் கை ஊன்றித் தாண்டுவது) ஃப்ளோரும். அந்த இரண்டிலும் பைல்ஸ், ஜேட், ஜோர்டன் வரிசையாக நிற்கிறார்கள். ஏற்கெனவே நிரம்பிய பஸ்ஸில் இன்னொருவரை ஏற்றுவது போலத்தான்.

அப்புறம் உண்மையான போட்டி ஹெஸ்லிக்கும் லியானுக்கும்தான். இதுவே தற்செயலாக வந்த போட்டி. ஷிலீஸ் ஜோன்ஸ் நின்றிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. தேர்வு நடந்த அந்த ஒரே வாரத்தில் மூன்று பேர் போய்விட்டார்கள். பயிற்சியில் ஸ்கை பிளேக்லிக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. முதல் நாள் வால்ட்டில் கைலா டிசெல்லோவுக்கும் அதே கதி. ஷிலீஸுக்கு முழங்கால். கடந்த அக்டோபரில் ஆண்ட்வெர்ப் உலகச் சாம்பியன்ஷிப்பில் தங்கம் வாங்கிய ஐவரில் இந்த அணியில் மிஞ்சியிருப்பவர் பைல்ஸ் மட்டுமே. இதை நிறையப் பேர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஹெஸ்லிக்காகப் பேச வேண்டியதை முதலில் பேசிவிடுகிறேன். வயது 16, ஜூன் மாதம்தான் நிறைந்தது. 2023இல் அமெரிக்க ஜூனியர் சாம்பியன். மினியாபொலிஸில் 111.150 எடுத்து ஐந்தாவது இடம். ஆறாவதாக வந்த ரோபர்சன் 110.975. ஐந்து பேர் அணிக்கு முதல் ஐந்து இடக்காரர்களை அப்படியே எடுத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. லியான் அந்த ஐந்துக்குள் வரவில்லை, அதை மறைக்க நான் விரும்பவில்லை. இன்னொன்று, ஹெஸ்லியின் நல்ல கருவிகள் அன்ஈவன் பார்ஸும் (ஒன்று உயரமாக, ஒன்று தாழ்வாக இருக்கும் இரண்டு கம்பிகள்) பீமும் (குறுகலான நீளக் கட்டை). அக்கா சொன்னதும் இதுதான்: "ஷிலீஸ் போனதுல பெரிய ஓட்டை பார்ஸ்லதாண்டா. அதை அடைக்கத்தான் அந்தப் பொண்ணு."

சரி, ஓட்டை அங்கேதான். ஆனால் அந்த ஓட்டை எப்போது தெரியும் என்பதில்தான் நானும் அக்காவும் பிரிகிறோம்.

பாரிஸில் ஒரு அணிக்கு ஐந்து பேர். தகுதிச் சுற்றில் ஒவ்வொரு கருவியிலும் நாலு பேர் இறங்கி, சிறந்த மூன்று மதிப்பெண் கணக்கில் வரும். ஒருவர் விழுந்தால் அவரை விட்டுவிடலாம். இறுதிச் சுற்றில் இந்தச் சலுகை கிடையாது. மூன்று பேர் இறங்குவார்கள், மூன்றும் கணக்கில் வரும். பீமிலிருந்து விழுந்தால் ஒரு புள்ளி போச்சு. ஆண்ட்வெர்ப்பில் அமெரிக்கா 167.729, இரண்டாவதாக வந்த பிரேசில் 165.530. வித்தியாசம் 2.2 கூட இல்லை. இரண்டு பேர் விழுந்தால் கிட்டத்தட்ட தீர்ந்துவிடும் தூரம்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் இறுதிச் சுற்றில் ஐந்தாவது ஆளுக்கு வேலையே இருக்காது. வால்ட்டில் பைல்ஸ், ஜேட், ஜோர்டன். பார்ஸில் சுனி, ஜோர்டன், பைல்ஸ். பீமிலும் அதே மூவர். ஃப்ளோரில் பைல்ஸ், ஜோர்டன், கூட ஜேட் அல்லது சுனி. ஐந்தாவது ஆளைப் பாதுகாப்புக்கு என்றுதான் கூட்டிப் போகிறோம். போட்டி தொடங்கிய பிறகு வெளியே உட்கார்ந்திருக்கும் மாற்று வீராங்கனையை உள்ளே இழுக்க முடியாது. உள்ளே இருக்கும் ஐவரை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். அப்படியென்றால் அந்த ஐந்தாவது ஆளிடம் கேட்க வேண்டியது, நல்ல நாளில் எவ்வளவு எடுப்பாய் என்பதல்ல. இறங்கப் போவதில்லை என்று நினைத்து உட்கார்ந்திருக்கும்போது, பத்து நிமிடத்தில் கையில் வெள்ளைத் தூள் பூசிக்கொண்டு பார்ஸில் ஏற முடியுமா என்பதுதான்.

இது நடக்காத கதை இல்லை. டோக்கியோ இறுதிச் சுற்றில் பைல்ஸ் வால்ட் ஒன்றோடு விலகினார். ஜோர்டன் அன்று பார்ஸிலும் பீமிலும் இறங்குவதாகவே இல்லை. இரண்டிலும் ஏறினார், விழாமல் முடித்தார். சுனி ஃப்ளோரில் திடீரென்று இறங்க வேண்டியதாயிற்று. கடைசியில் ஜோர்டன் ஃப்ளோரில் விழுந்தார். 3.432 புள்ளி பின்தங்கி வெள்ளிதான் கிடைத்தது. ஆனால் அந்த இரண்டு கருவியில் அவர் நிற்காமல் போயிருந்தால் வெள்ளியும் சந்தேகம்தான்.

இப்போது லியானிடம் வருகிறேன். டோக்கியோவுக்கு மாற்று வீராங்கனையாகப் போனவர் அவர். கூட இருந்த இன்னொருவருக்குக் கொரோனா வந்ததால் போட்டியைப் பார்க்கக்கூட முடியாமல் தனி அறையில் கிடந்தார். அதிலிருந்து மூன்று மாதத்தில் கிடாக்யூஷூ உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆல்-அரவுண்ட் வெள்ளி, ஃப்ளோரில் வெண்கலம். லிவர்பூல் 2022, ஆண்ட்வெர்ப் 2023 இரண்டிலும் அணித் தங்கம். ஆண்ட்வெர்ப் இறுதிச் சுற்றில்தான் நான் சொல்வது அப்படியே நடந்தது: வால்ட்டுக்கு முந்தைய ஒத்திகையில் ரோபர்சனுக்குக் காலில் அடி. அவர் இடத்தில் லியான் ஓடினார். முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. நேற்றே சொல்லி வைத்த மாதிரி குதித்து இறங்கிவிட்டுப் போனார்.

அதற்கு மேல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக அணியில் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அநேகமாக வாரா வாரம் கூட்டத்துக்கு முன்னால் ஆடிவந்தவர். கல்லூரி ஆட்டத்தில் கடினம் குறைவு, பத்துக்கு மதிப்பெண் போடும் பழைய முறை, அதனால் அதை ஒலிம்பிக்கோடு அப்படியே ஒட்ட முடியாது. ஆனாலும் வாரம் ஒருமுறை விளக்கு வெளிச்சத்தில் பீம் மேல் நிற்பது பழகிப்போன ஒருவருக்கும், முதல் சீனியர் சீசனில் இருப்பவருக்கும் கால் நடுக்கம் ஒரே அளவாக இருக்காது. (லியான் தலைமுடிக்குக் கட்டும் ரிப்பன் பூக்களைச் சொந்தமாகச் செய்து விற்கிறார் என்பது என் அக்கா மகளுக்குத் தெரிந்த ஒரே ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தி.)

ஹெஸ்லியைப் பற்றி நான் பேசுவதில் ஒரு பலவீனம் இருக்கிறது. அவர் ஆடி நான் பார்த்தது மிகக் கொஞ்சம், அதுவும் திரையில்தான். சீனியர் உலகச் சாம்பியன்ஷிப்பில் அவர் ஆடியதே இல்லை, எனவே நடுங்குவார் என்பதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை, நடுங்கமாட்டார் என்பதற்கும் இல்லை. மூன்று பேர் அடுத்தடுத்துச் சாய்ந்த அதே அரங்கில் இரண்டு நாள் நின்று ஐந்தாவதாக வந்திருக்கிறார் என்பதும் சின்ன விஷயமல்ல. அந்த வயதில் நானெல்லாம் பள்ளி ஆண்டு விழா மேடையிலேயே வசனம் மறந்தவன். பயிற்சிக் கூடத்தில் தினமும் பார்ப்பவர்களுக்கு எனக்குத் தெரியாதது தெரிந்திருக்கலாம்.

2028இல் லாஸ் ஏஞ்சலஸில் அவருக்கு 20 வயதுதான் இருக்கும், இப்போதே ஒரு ஒலிம்பிக் பார்த்து வைக்கட்டும் என்பது அக்காவின் இன்னொரு வாதம். அது நாலு வருஷம் கழித்து வரும் அணிக்கு உதவும். இந்த ஜூலைக்கு உதவுமா என்றால் எனக்குத் தெரியவில்லை.

என் கவலை எல்லாம் சுனியைச் சுற்றித்தான். 2023இல் சிறுநீரக நோய் வந்து படுத்தவர். இந்த ஆண்டு தேறி வந்ததே பெரிய காரியம். பார்ஸிலும் பீமிலும் அவர் ஒரு நாள் முடியாமல் போனால் அந்த இரண்டிலும் மூன்றாவது இடம் காலி. பீமில் ஜேட் இருக்கிறார் என்பார்கள், ஆனால் ஜேட்டின் பலம் அது இல்லை. அப்போது ஏற வேண்டியவர் ஐந்தாவது ஆள்தான்.

ஜூலை 28 ஞாயிறு, தகுதிச் சுற்றிலேயே பாதி விடை தெரிந்துவிடும். பார்ஸிலும் பீமிலும் ஹெஸ்லியை நாலாவது ஆளாக இறக்குவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். அங்கே விழுந்தாலும் அணிக்கு நஷ்டமில்லை, அதனால் அந்த மதிப்பெண்ணைவிட ஏறும்போது அவர் கையையும் காலையும்தான் நான் பார்க்கப் போகிறேன். இறுதிச் சுற்று 30ஆம் தேதி, நம் நேரப்படி இரவு 9.45. அன்று ஹெஸ்லி ஒரு கருவியில் ஏறி நின்றுவிட்டால் ஒரு வாரம் காலைக் காபி நான் போட வேண்டும். அவர் ஏறவே தேவைப்படாவிட்டால் என்ன செய்வது என்று நாங்கள் இரண்டு பேரும் பேசி வைக்கவில்லை.