கட்சிரோலியிலிருந்து வந்த பை: வீடு தேடி வரும் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு பற்றி

மலைக்கிராமங்களில் ஆஷா பணியாளர் (அரசின் கிராமச் சுகாதாரப் பணிப்பெண்) தோளில் மாட்டிக்கொண்டு வரும் பையைத் திறந்தால், நொடிமுள்ளுக்குப் பதிலாக எண்கள் ஓடும் கைக்கடிகாரம், டிஜிட்டல் தெர்மாமீட்டர், குழந்தையைத் தூளிபோல் தொங்கவிட்டு நிறுக்கும் ஸ்பிரிங் தராசு, சளி உறிஞ்சும் குழாய், போர்வை, டார்ச் விளக்கு, சோப்புப் பெட்டி ஆகியவை இருக்கும். பார்வைக்குச் சாதாரணமான இந்தச் சாமான்களுக்குப் பின்னால் கால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆஷா பணியாளர்கள் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில் மட்டுமே நியமிக்கப்பட்டிருப்பதால் நம்மில் பலர் இந்தப் பையை நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பயிற்சி வகுப்புகளில் அதைப் பலமுறை பிரித்துக் காட்டியவன் என்ற முறையில், பையை மட்டுமல்லாமல் அதனோடு சேர்ந்து வரும் பயிற்சியையும் சேவையையும் இங்கே எடைபோட விரும்புகிறேன்.

இதன் பிறப்பிடம் மகாராஷ்டிரத்தின் கிழக்கு ஓரத்தில் உள்ள கட்சிரோலி. கோண்டு, மாடியா பழங்குடியினர் வாழும் அந்தக் காட்டு மாவட்டத்தில் 1986இல் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் தம்பதியர் 'சர்ச்' (SEARCH) என்ற அமைப்பைத் தொடங்கினர். ராணி பங் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, அவர்களில் 92 சதவீதத்தினருக்கு மகப்பேற்று உறுப்பு சார்ந்த நோய் இருப்பதை 1989இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டபோது, கிராமத்துப் பெண்ணின் உடல்நலம் என்றாலே பிரசவமும் குடும்பக்கட்டுப்பாடும்தான் என்று எண்ணியிருந்தவர்கள் திடுக்கிட்டனர். ஆயினும் எல்லா ஆய்வும் இப்படிக் குறி தப்பாமல் அமையவில்லை. பழங்குடியினரிடையே அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை நோய் பரவியிருப்பதைக் கண்டறிந்த தம் தொடக்ககால ஆய்வு, மக்கள் தம் பிரச்சினையாகக் கருதியதை விட்டுவிட்டுத் தமக்கு ஆர்வமூட்டியதையே தேடிச் சென்றது என்று அபய் பங் பின்னாளில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஆராய்ச்சியாளர் வாயிலிருந்து அரிதாகவே வரும் ஒப்புதல் இது. அவர்களுடைய மருத்துவமனைக்கு மா தந்தேஷ்வரி என்ற குலதெய்வத்தின் பெயர் வந்ததும், நோயாளியோடு உறவினரும் தங்கும்படி குடில்களாக அது கட்டப்பட்டதும் மக்களின் விருப்பத்தைக் கேட்ட பிறகுதான்.

மக்கள் தம் பிரச்சினையாகக் கருதியது குழந்தைச் சாவு. 1993 முதல் 1998 வரை, 39 கிராமங்களில் சேவை அளித்தும் 47 கிராமங்களை ஒப்பீட்டுக்கு வைத்தும் ஓர் ஆய்வு நடந்தது. ஐந்து முதல் பத்து வகுப்பு வரை படித்த உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்து, பிரசவத்தின்போது உடனிருக்கவும், மூச்சு விடாத குழந்தைக்குக் குழாயும் முகமூடியும் வைத்து மூச்சூட்டவும், பிறந்த முதல் 28 நாள்களில் பலமுறை வீட்டுக்குச் சென்று எடை, வெப்பம், தாய்ப்பால், தொப்புள் ஆகியவற்றைப் பார்க்கவும், சீழ்த்தொற்று (உடலெங்கும் பரவும் கிருமித்தொற்று) என்று சந்தேகம் எழுந்தால் ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி ஊசி போட்டு வாய்வழி மருந்தும் கொடுக்கவும் பழக்கினார்கள். ஆயிரம் பிறப்புக்கு 62 ஆக இருந்த பச்சிளங்குழந்தை இறப்பு, மூன்றாம் ஆண்டில் 26 ஆகக் குறைந்தது. ஒப்பீட்டுக் கிராமங்களில் அது ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்றது. சீழ்த்தொற்று கண்ட குழந்தைகளில் முன்பு 16.6 சதவீதம் இறந்துகொண்டிருந்தன. ஊசி வந்த பிறகு அது 2.8 சதவீதம். ஒரு குழந்தைக்கு ஆன செலவு ஐந்து டாலரைச் சற்றே தாண்டியது. 1999இல் வெளியான இந்த முடிவுகள் படித்தவுடன் நம்பக்கூடியவை அல்ல என்பதால், கிராமத்துப் பெண்ணின் கையில் ஊசியைக் கொடுக்கலாமா என்ற விவாதம் நெடுநாள் நடந்ததில் வியப்பில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னாலும் பெரும்பாலான பெற்றோர் மறுத்துவிட்டார்கள் என்பதையும், மறுத்தவர்களின் குழந்தையை அப்படியே விட்டுவிடுவதே அங்கிருந்த மாற்றுவழி என்பதையும் அந்த விவாதத்தில் பலர் மறந்துவிட்டனர்.

இந்தச் சேவையில் என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி, இதற்கும் முந்தைய நிமோனியா ஆய்வில் பிறந்த மூச்செண்ணி. எழுத்தறியாத மருத்துவச்சியால் நிமிடத்துக்கு அறுபது மூச்சை எண்ணிவிட முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மணிகள் கோத்த சிறு சட்டமும் ஒரு நிமிட மணற்கடிகாரமும் அதற்கு விடையாயின. பத்து மூச்சுக்கு ஒரு மணி தள்ள வேண்டும். மணல் இறங்கி முடிவதற்குள் சிவப்பு மணியைத் தள்ள நேர்ந்தால் அது நிமோனியா. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு வரிசை, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு இன்னொரு வரிசை. பத்து வரை எண்ணத் தெரிந்தால் போதும். படிப்பில்லாதவரைக் குறைபாடுள்ளவராகக் கருதாமல், கருவியைத்தான் குறைபாடுள்ளதாகக் கருதினார்கள். தராசில் எண்ணைப் படிக்க வராதவர்கூடப் புரிந்துகொள்ளும்படி சிவப்பு, மஞ்சள், பச்சைப் பட்டைகள் இருப்பதும் அதே சிந்தனையின் தொடர்ச்சிதான்.

நடுவண் அரசு 2011இல் இந்த முறையை ஆஷா திட்டத்தில் சேர்த்து நாடெங்கும் கொண்டுசென்றது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களிலும், வீட்டில் பிறந்ததென்றால் முதல் நாளிலும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லா வருகைகளையும் முடித்தால் 250 ரூபாய் ஊக்கத்தொகை. நான்கு சுற்றுகளாக, சுற்றுக்கு ஐந்து நாள் என்று இருபது நாள் பயிற்சி. பாடநூல் தெளிவானது, படங்கள் நன்று, பொம்மைக் குழந்தையை வைத்துப் போர்வை சுற்றும் பயிற்சியில் வகுப்பறை கலகலப்பாகிவிடும். சீம்பாலைப் பிழிந்து கொட்டுவது, பிறந்தவுடன் குளிப்பாட்டுவது போன்ற வழக்கங்களைப் பற்றி மாமியாரிடம் எப்படிப் பேசுவது என்ற பகுதியை எந்த ஊரிலும் அப்படியே பயன்படுத்தலாம்.

ஆனால் கட்சிரோலியில் சாவைக் குறைத்த கூறுகளில் இரண்டு, நாடு முழுவதற்குமான இந்தத் திட்டத்தில் இல்லை. ஆஷாவுக்கு ஊசி கற்பிக்கப்படுவதில்லை. மூச்சூட்டும் கருவியும் அவர் கையில் இல்லை. பிரசவங்கள் மருத்துவமனைக்கு மாறிவிட்டதால் பின்னது ஓரளவு நியாயமே. முன்னதை நான் அவ்வளவு எளிதாக ஏற்கமாட்டேன். ஆபத்து அறிகுறியைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, கண்டுபிடித்த பிறகு மழைக்காலக் காட்டுப்பாதையில் வண்டிக்குக் காத்திருக்கச் சொல்வது பாதிச் சேவை. மூன்றாவது குறை பையில் தெரியாது. ஆய்வுக் காலத்தில் மேற்பார்வையாளர் இரு வாரத்துக்கு ஒருமுறை கிராமத்துக்கே வந்து, பணியாளரின் பதிவேட்டைக் குழந்தையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பணியாளர் எழுதிய எடை சரியா என்று குழந்தையை மறுபடி நிறுத்தார். அந்தக் கண்டிப்பும் துணையும்தான் அங்கே பயிற்சியின் பெரும்பகுதி. இருபது நாள் வகுப்பு அதற்கு முன்னுரை மட்டுமே. வகுப்பை நாடெங்கும் நகலெடுக்க முடிந்தது, மேற்பார்வையாளரை நகலெடுக்க முடியவில்லை. ஊக்கத்தொகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை: இரண்டு மலைச்சரிவு ஏறி இறங்கி ஆறு முறை போய்வர 250 ரூபாய் என்பதை யாரும் கூலி என்று சொல்லமாட்டார்கள்.

இத்தனை இருந்தும், தொலைவிலுள்ள ஊரில் பிரசவம் முடிந்து திரும்பும் ஒரு தாய்க்கு இதைவிடப் பயனுள்ள இலவசச் சேவை எதையும் நான் கண்டதில்லை. உங்கள் ஊரில் ஆஷா இருந்தால், ஏழாம் நாள் வருகையில் தராசைத் தூளியோடு தொங்கவிட்டு நிறுக்கச் சொல்லுங்கள். வெறுமனே பார்த்துவிட்டுப் பதிவேட்டில் எழுத விடாதீர்கள். பையை வாங்கி அனுப்புகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. நான் சென்ற வகுப்பொன்றில், கைக்கடிகாரத்தின் பேட்டரி தீர்ந்துபோய் மாதக்கணக்கில் மாற்றப்படாததால், மூச்சை எண்ண மகனின் கைப்பேசியைக் கடன் வாங்குவதாக ஒரு பணியாளர் சொன்னார். கட்சிரோலியின் மணற்கடிகாரத்துக்குப் பேட்டரி தேவைப்படவில்லை. அதையும் பையில் ஓர் ஓரத்தில் போட்டு அனுப்பினால் எடை ஒன்றும் கூடிவிடாது.