கொதிநீர்க் களையெடுப்பு இயந்திரம்: கல் இடுக்கில் கெட்டி, கோரையிடம் தோல்வி

பூங்காவில் களைக்கொல்லி அடிக்கக் கூடாது என்று ஆணை போடுவது சுலபம். புல் அதைப் படிப்பதில்லையே! பராமரிப்பு என் பொறுப்பு என்பதால், மாற்றாக வந்த கொதிநீர் இயந்திரத்தைப் பருவம் முழுவதும் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

வண்டியில் டீசல் கொதிகலனும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கும். நீண்ட குழாயின் முனையிலிருந்து கொதிநிலையை ஒட்டிய நீர், தாவர எண்ணெய் கலந்த நுரையோடு வரும். சூடு உடனே பறந்துவிடாமல் நுரை இலையை மூடிக்கொள்கிறது. நுரையில்லாத வகை எனக்குத் திருப்தி தரவில்லை.

நடைபாதைக் கற்களின் இடுக்கில் இதை மிஞ்ச ஆளில்லை. இளங்களைகள் மறுநாளே சுருண்டுவிடுகின்றன. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்தால் மஞ்சளாவதற்கே ஒரு வாரம் பார்த்திருக்க வேண்டும். காற்றடித்தால் வேலை நிற்கும், மழை வந்தால் மருந்து வீண். இங்கே அந்தத் தொல்லை இல்லை. நுரை கரைந்து தரை ஆறியதும் குழந்தைகளை விளையாட விடலாம்.

கோரையிடம்தான் தோற்கிறது. சூடு மேல்மண்ணோடு நின்றுவிடுகிறது; கிழங்கு கீழே பத்திரமாக இருந்து மறுபடி துளிர்க்கிறது. கிளைபோசேட் இலை வழியே கிழங்குவரை இறங்கும் என்பது உண்மை. ஆனால் முளைக்காமல் உறங்கும் கிழங்கை அதுவும் தொடாது. தெளிப்புக்காக வாதாடுபவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கிளைபோசேட்டைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றில் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை ஏற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியமோ 2023இல் மேலும் 10 ஆண்டுகள் அனுமதி கொடுத்தது. அந்த வாதம் தீரும்வரை ஊஞ்சலடியில் மருந்து அடித்துக்கொண்டிருக்க வேண்டுமா? பிரான்சில் பொதுப் பூங்காக்களுக்கு 2017இலேயே தடை வந்துவிட்டது. என் ஓட்டும் தடைக்கே. ஆனால் தடை போடுபவர்கள் இயந்திரத்தோடு கூலிக்கும் பணம் ஒதுக்க வேண்டும். ஒரே பருவத்தில் பலமுறை அடித்தால்தான் களை அடங்கும். டீசலும் தண்ணீரும் தாராளமாகச் செலவாகும்.

கல் பதித்த தரைக்குத் தயங்காமல் வாங்கலாம். பூப்பாத்திக்கு வேண்டாம்; அங்கே மண்ணை மூடிப் பரப்பும் தடிமனான மூடாக்கும் களைக்கொத்தியும் போதும். இளங்கன்றுகளின் அடிப்பட்டையில் சுடுநீர் படக் கூடாது. வாங்குமுன் குழாயின் நீளத்தைக் கேளுங்கள், வண்டி எல்லா மூலைக்கும் போகாது. ஓட்டுபவருக்கு முழங்கால்வரை காலணியும் சூடு தாங்கும் கையுறையும் இல்லாமல் குழாயைக் கையில் கொடுக்காதீர்கள்.