சுமாரான குழுவில் முதல் ஆளா, பெரிய குழுவில் கடைசி ஆளா?

ஒரே வாரத்தில் இரண்டு அழைப்பு வந்தது. கல்லூரி நாட்களில் பேஸ் கிடார், அதாவது பாட்டுக்கு அடியில் கீழ் ஸ்வரங்களை வாசிக்கும் கிடார், வாசித்தவன் நான். அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தை என்று கிடார் பத்து வருடம் பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. திரும்பக் கையில் எடுத்து மூன்று வருடம்தான் ஆகிறது. பெரிய வித்வான் இல்லை. ஆனால் ஸ்ருதி விலகினால் தெரியும், தாளம் ஓடினால் தெரியும், இளையராஜா பாட்டுகளில் ஒரு நாற்பதின் பேஸ் விரலில் நிற்கிறது.

முதல் அழைப்பு திருவெறும்பூர்ப் பக்கத்துப் பையன்களிடமிருந்து. ஏழு பேர், எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிறு சாயங்காலம் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் ரிகர்சல். "நீங்க வந்து நின்னா போதும்ணே, எங்களுக்குத் தைரியம்" என்றான் பாடுகிற பையன். இரண்டாவது, திருச்சியில் பெயர் சொன்னாலே தெரியக்கூடிய ஒரு மெல்லிசைக் குழுவின் மாஸ்டர். "தம்பி, நம்ம பேஸ் ஆள் வர முடியாத அன்னிக்கு மட்டும் நீ வா. ரிகர்சல்லாம் கிடையாது. எல்லாம் தெரிஞ்ச பாட்டுதான்." இரண்டு பக்கமும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மாடி. அன்றைக்குக் கண்டதைச் சொன்னால் "சுமார்" என்பதற்கு என்ன பொருள் என்று புரியும். பாடுகிற பெண் ஒரு பாட்டுக்கு அரைக் கட்டை இறக்கச் சொன்னாள். கீபோர்டு பையன் ஸ்ருதியை மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அமுக்கினான். பாட்டு முடிந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறந்துவிட்டான். அடுத்த பாட்டில் அவன் அரைக் கட்டை கீழே, நான் மேலே. நாலு வரி வரைக்கும் யார் முகத்திலும் சலனம் இல்லை. ஆக்டோபேட் என்கிற எலக்ட்ரானிக் தாள வாத்தியம் வாசிக்கிற தம்பி நிமிடத்துக்கு 96 தட்டு வேகத்தில் பாட்டைத் தொடங்கினான். என் போனில் மெட்ரோனோம் வைத்துப் பார்த்தேன், இரண்டாம் சரணம் முடியும்போது 108. கைதட்டல் வந்தால் இன்னும் ஓடும், அது நிச்சயம்.

ஆனால் இந்தக் குறைகள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் பிடித்தது. விரல் மெதுவாக ஓடுகிறவனோடு வாசிக்கலாம். கடினமான பிட்டை எளிதாக்கிக் கொடுத்தால் வாசித்துவிடுவான், கேட்பவருக்கும் பெரிதாகத் தெரியாது. காது இல்லாதவன், அதாவது பக்கத்தில் என்ன நடக்கிறது என்று கேட்காமலேயே வாசிப்பவன், அதைவிடக் கஷ்டம். எல்லாவற்றையும்விட ஆபத்து தாளம் ஓடுவது. ஏனென்றால் அது தொற்றிக்கொள்ளும். நாலாவது ரிகர்சலுக்குப் பிறகு வீட்டில் தனியாக வாசிக்கும்போது எனக்கே ஓட ஆரம்பித்தது. மற்றவனின் விரல் குறை உங்கள் விரலுக்கு வராது. அவன் அவசரம் உங்கள் கைக்கு வந்துவிடும்.

நீங்கள் என்ன வாத்தியம் என்பதும் கணக்கில் வர வேண்டும். பேஸ் வாசிப்பவனுக்குச் சுமாரான குழு அவ்வளவு மோசமான இடம் இல்லை. ஏ மைனர் என்கிற கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வர வேண்டிய இடத்தில் கீபோர்டு பையன் பதற்றத்தில் சி மேஜரைப் பிடித்துவிடுகிறான் என்று வையுங்கள். நான் கீழே ஏ வாசித்துக்கொண்டே இருந்தால் கேட்பவர் காதில் அது ஏ மைனரோடு ஒரு ஸ்வரம் கூடிய ஏ மைனர் செவன்த் ஆகிவிடும். தப்பு தெரியாது, சில சமயம் அழகாகவே இருக்கும். கார்டு எது என்று கடைசியில் தீர்மானிப்பது கீழே இருக்கிற ஸ்வரம்தான். இந்த வேலையைப் பெரிய குழுவில் கற்றுக்கொள்ளவே முடியாது, அங்கே யாரும் தப்பான கார்டு பிடிப்பதில்லை. டிரம்ஸ் வாசிப்பவருக்கும் கிட்டத்தட்ட இதே லாபம் உண்டு.

பாடகர் என்றால் நான் வேறு மாதிரிச் சொல்வேன். பின்னால் ஏழு பேர் சொதப்பினாலும் ஜனங்கள் பார்ப்பது மைக் பிடித்தவர் முகத்தைத்தான். லீட் கிடார், வயலின்காரர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. பக்கத்தில் யாரும் நிரப்பாததால் இவர்களே எல்லா இடைவெளியையும் நிரப்பத் தொடங்குவார்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்தப் பெருமை சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். ஒரு வருடம் கழித்து நல்ல குழுவுக்குப் போனால் வாயை மூடத் தெரியாதவர் மாதிரி வாசிப்பார்கள்.

இப்போது பெரிய குழு. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. பாட்டு லிஸ்ட் வேனில் கைக்கு வந்தது. ஸ்கேலை மேடையில் காதில் சொன்னார்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை என்பதால் நடுவில் மூச்சுவிட நேரமில்லை, ஒரு பாட்டு முடிந்த அடுத்த நொடி காம்பியர் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டுக்கு ஸ்டிக் கவுன்ட் விழுகிறது. அந்த டிரம்மர் வாசிப்பது சுவர் மாதிரி. சாய்ந்துகொள்ளலாம், நகராது. இரண்டாவது பாட்டிலிருந்து மானிட்டரில், அதாவது வாசிப்பவர்களுக்காக மேடையில் வைக்கும் ஸ்பீக்கரில், என் சத்தம் குறைந்திருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் அளவுக்கு மீறி வாசிக்கிறேன் என்பது நாலாவது பாட்டில்தான் எனக்கே உறைத்தது. ஸ்வரங்களைப் பாதியாகக் குறைத்தேன். எட்டாவது பாட்டில் சத்தம் திரும்ப வந்தது. மாடியில் மூன்று மாதம் வாசித்தாலும் இந்தப் பாடம் கிடைத்திருக்காது, அங்கே என் ஸ்வரங்களை அதிகம் என்று சொல்ல ஆளில்லை.

இதோடு தீர்ப்பு எழுதிவிடலாம் போலத்தான் இருக்கும். ஜாஸ் கிடார் கலைஞர் பாட் மெத்தீனியும் அதைத்தான் சொல்கிறார்: எந்தக் குழுவில் இருந்தாலும் அதில் மோசமான ஆள் நீயாகவே இரு. இசைக்காரர்கள் மட்டுமல்ல, கம்ப்யூட்டர்காரர்கள்கூட இதை மந்திரம் போலச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இதில் ஒரு சந்தேகம். எல்லோரும் இதைக் கடைப்பிடித்தால் குழு என்று ஒன்று எப்படி அமையும்? நான் என்னைவிட நல்லவர்களைத் தேடிப் போனால், அவர்கள் என்னைச் சேர்க்கக் கூடாது. அவர்களுக்கு நான்தானே சுமார் ஆள். புதுக்கோட்டை மேடையில் என்னைச் சகித்துக்கொண்ட எல்லோரும் அந்த விதியை மீறியவர்கள்தான்.

இன்னொன்று, மெத்தீனி சொல்வது தினமும் அந்தக் கூட்டத்தோடு வாசிக்கிறவனுக்குப் பொருந்தும். ஏ.ஆர். ரஹ்மானைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். பள்ளி வயதிலேயே பெரிய இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசிக்கப் போனவர், இளையராஜாவின் குழுவிலும் வாசித்தார். ராஜாவிடம் எல்லாம் ஸ்டாஃப் நோட்டேஷன் என்கிற மேற்கத்திய இசைக் குறியீட்டில் எழுதி வரும், பார்த்து வாசிக்க வேண்டும். அறை முழுக்கத் தேர்ந்த கைகள், நடுவில் ஒரு பையன். அந்த மாதிரிச் சூழலில் கடைசி ஆளாக இருப்பது படிப்பு. ஆனால் அது வேலை நாளெல்லாம் நடந்த படிப்பு. எனக்கு புதுக்கோட்டைக்கு அடுத்த அழைப்பு வந்தது ஏழு வாரம் கழித்து. அதற்குள் நான் கற்ற பாடத்தில் பாதி கரைந்துவிட்டது. ஸ்வரங்களைக் குறைக்க வேண்டும் என்று மூளைக்கு ஞாபகம் இருந்தது, கைக்கு இல்லை.

மாடிப் பக்கம் சாய்வதற்கு எனக்கு இன்னொரு கதை காரணம். 1957 ஜூலை 6, லிவர்பூலின் வூல்டனில் ஒரு தேவாலயத் திருவிழா. பின்னாளில் பீட்டில்ஸ் ஆன குவாரிமென் என்று ஒரு பள்ளிப் பையன்கள் குழு வாசிக்கிறது. ஸ்கிஃபிள் என்று அப்போது இங்கிலாந்தில் ஓடிய மோகம் அது: துணி துவைக்கும் பலகையைத் தேய்த்துத் தாளம், தேயிலைப் பெட்டியில் கயிறு கட்டி பேஸ். தலைவன் ஜான் லெனனுக்கு 16 வயது. அம்மா பாஞ்சோ வாசித்துக் காட்டியதால் கிடாரையும் பாஞ்சோ மாதிரியே சுருதி கூட்டி வைத்திருந்தான். அங்கே நண்பனோடு வந்த 15 வயது பால் மெக்கார்ட்னிக்கு கிடாரைச் சுருதி கூட்டத் தெரியும், கார்டுகள் கூடுதலாகத் தெரியும், வார்த்தை தவறாமல் முழுப் பாட்டும் பாடத் தெரியும். லெனன் பிற்காலத்தில் சொன்னது இது: தன்னைவிட நன்றாக வாசிக்கிறவனைச் சேர்த்தால் குழு பலமாகும், தன் இடம் பலவீனமாகும், எது வேண்டும் என்று யோசிக்க வேண்டியிருந்தது.

எல்லோரும் லெனன் பக்கம் நின்றே இதைச் சொல்வார்கள். மெக்கார்ட்னி பக்கம் நின்றால், அவர் போய்ச் சேர்ந்தது தேயிலைப் பெட்டிக் குழுவில். அங்கே ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், 1958-இல் ஜார்ஜ் ஹாரிசன் வந்தார். பிறகு பேஸுக்கு வந்த ஸ்டூவர்ட் சட்க்ளிஃப் லெனனின் ஓவியக் கல்லூரி நண்பர். படம் விற்ற பணத்தில் பேஸ் கிடார் வாங்கியவர், வாசிப்பு சுமார்தான். அவரையும் வைத்துக்கொண்டுதான் ஜெர்மனியின் ஹாம்பர்க் போய் இரவுக்கு நாலைந்து மணி நேரம் வாசித்தார்கள். 1961-இல் அவர் ஓவியத்துக்கே திரும்பிவிட, வேறு யாரும் முன்வராததால் பேஸ் மெக்கார்ட்னி தலையில் விழுந்தது. பேஸ் வாசிக்கிற எங்களுக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம்.

மாடிப் பையன்கள் பீட்டில்ஸ் ஆகப்போவதில்லை, அந்தக் கனவெல்லாம் எனக்கு இல்லை. அந்தக் கதையில் நான் பார்த்தது வேறு. சேரும் நாளில் அவர்கள் எவ்வளவு நன்றாக வாசித்தார்கள் என்பது பெரிய விஷயமாக இல்லை. ஒழுங்காக வந்தார்கள், வந்து நிறைய வாசித்தார்கள். மாடியிலும் நான் இதைத்தான் பார்க்கத் தொடங்கினேன். ஆறு வாரத்தில் ஒரு ஞாயிறுகூட யாரும் மட்டம் போடவில்லை. டிரான்ஸ்போஸ் பையன் அடுத்த வாரமே கீபோர்டில் ஒரு சின்னக் காகிதம் ஒட்டி வைத்திருந்தான்: "ஜீரோ பண்ணு". அதைப் பார்த்த பிறகு எனக்கு அவன் விரல் பற்றிக் கவலை போய்விட்டது. இதுவே பாதிப் பேர் வராத, வந்தாலும் போன வாரம் சொன்னதை மறந்துவிட்டு வரும் குழுவாக இருந்தால், எவ்வளவு திறமை இருந்தாலும் நான் ஓடியிருப்பேன்.

வீட்டிலேயே மைனஸ் ஒன் டிராக்கோடு, அதாவது நம் வாத்தியம் மட்டும் இல்லாத பதிவோடு, வாசித்து வீடியோ போடுவது என்று மூன்றாவது வழியும் இருக்கிறது. செலவில்லை, சண்டையில்லை. ஆனால் டிராக் ஒருபோதும் ஓடாது, தடுமாறாது, உங்களைத் திரும்பிப் பார்க்காது. நான் பத்து மாதம் செய்து பார்த்தேன், போதும். பணம் பற்றி ஒரே வரி: பெரிய குழுவில் ஒரு இரவுக்கு எனக்கு 2,000 ரூபாயும் சாப்பாடும், மாடியில் பெட்ரோல் என் செலவு. இதை வைத்துச் சாப்பிட வேண்டியவர் என்றால் மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம், மாஸ்டருக்கு போன் போடுங்கள்.

சேர்ந்துவிட்டேன், மாடியில்தான். மூன்று நிபந்தனை வைத்தேன். ரிகர்சலின் முதல் அரை மணி நேரம் ஸ்பீக்கரில் மெட்ரோனோமின் கிளிக் சத்தம் ஓட வேண்டும். முப்பது பாட்டு லிஸ்ட்டைப் பன்னிரண்டாகக் குறைக்க வேண்டும். என்னை மாஸ்டர் என்று கூப்பிடக் கூடாது. கடைசி நிபந்தனைதான் அதிகம் மீறப்படுகிறது. நன்றாகத் தெரிந்த ஆள் என்று ஒருவர் வந்துவிட்டால் எல்லோரும் அவர் முகத்தையே பார்க்கத் தொடங்குவார்கள், ஏற்கெனவே தலைவனாக இருந்தவன் சுருங்கிப்போவான். பாடுகிற பையனுக்கு மேல் ஸ்தாயியில் ஸ்ருதி சறுக்கும். அதை அவனிடம் நேராகச் சொல்லவில்லை. "இந்தப் பாட்டை ஒரு கட்டை இறக்கிப் பார்ப்போமா தம்பி, பேஸுக்கு வசதியா இருக்கும்" என்றேன். பேஸுக்கு ஒரு வசதியும் இல்லை. ஆனால் அவன் சறுக்கவில்லை.

ஆடி மூன்றாம் வெள்ளிக்கு அவர்களுக்கு ஓர் அம்மன் கோயிலில் முதல் வெளி நிகழ்ச்சி கிடைத்தது. அதே தேதிக்கு மாஸ்டர் கூப்பிட்டார். வேறு வேலை இருக்கிறது என்றேன். "சரி தம்பி" என்று வைத்துவிட்டார். பத்து நிமிடத்தில் அவருக்கு வேறு ஆள் கிடைத்திருக்கும்.

நிகழ்ச்சி முழுவதையும் போனில் பதிவு செய்து மறுநாள் கேட்டேன். பேட் தம்பி 96-இல் தொடங்கிய பாட்டை 99-இல் முடித்திருக்கிறான். கடைசிப் பாட்டு மட்டும் தறிகெட்டு ஓடியிருந்தது. திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். அவன் நிதானமாகத்தான் வாசிக்கிறான், இழுத்துக்கொண்டு ஓடுவது என்னுடைய பேஸ்.