விறகு வங்கியா, அரசு எரிபொருள் உதவியா?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் குளிர் உயிரையே வாங்கிவிடும். வீட்டைச் சூடாக்கக் காசில்லாதவர்கள் அங்கே இரண்டு இடங்களில் உதவி கேட்கலாம்.

ஒன்று, 'லைஹீப்' என்ற மத்திய அரசுத் திட்டம். 1981இல் உருவானது. வருமானச் சான்று காட்டி விண்ணப்பித்தால், பணம் பெரும்பாலும் எரிபொருள் விற்பவருக்கே நேராகப் போய்விடும். எண்ணெய், எரிவாயு, மின்சாரம், விறகு எதில் சூடாக்கினாலும் உதவும். ஆனால் பரிசீலனைக்கு நாளாகும். வருமானம் வரம்பைக் கொஞ்சம் தாண்டினாலும் கிடைக்காது.

இன்னொன்று விறகு வங்கி. விழுந்த மரங்களையும் நன்கொடையாக வரும் கட்டைகளையும் ஊர்க்காரர்களே அறுத்து, பிளந்து, அடுக்கி வைக்கிறார்கள். பல இடங்களில் சான்றெல்லாம் கேட்பதில்லை. கஷ்டம் என்று வந்தால் போதும். வண்டி இல்லாத முதியவர் என்றால் வீட்டிலேயே கொண்டுபோய் இறக்குவதும் உண்டு. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

சிக்கல் ஈரத்தில் இருக்கிறது. பச்சை விறகின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க ஆறு மாதமாவது ஆகும். ஓக் மரத்துக்கு ஓராண்டும் போதாது. ஈர விறகை எரித்தால் புகைபோக்கியில் கிரியோசோட் என்ற தார் போன்ற கசடு படியும், ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். ஆகவே ஜனவரியில் கொடுக்கும் விறகை முந்தைய வசந்தத்திலாவது பிளந்திருக்க வேண்டும். அப்புறம், விறகடுப்பு இல்லாத வீட்டுக்கு இந்த வங்கியால் பயனில்லை.

பொதுவாக, இலையுதிர்காலத்திலேயே லைஹீப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்வேன். விறகடுப்பு இருந்து, இன்றிரவே வீடு குளிர்ந்து கிடக்கிறதென்றால், முதலில் விறகு வங்கிக்குத்தான் போன் செய்யச் சொல்வேன்.