இணையத்தின் காவல் யார் கையில்: அமெரிக்க வழியும் எஸ்தோனிய வழியும்

அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தேசிய சைபர் பாதுகாப்பு மையத்துக்குத் தலைவராக இருந்த ராட் பெக்ஸ்ட்ராம் 2009 மார்ச்சில் பதவி விலகினார். அரசு வலையமைப்புகளின் பாதுகாப்பும் கண்காணிப்பும் ஒரே அமைப்பிடம், அதிலும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் உளவு நிறுவனமான என்.எஸ்.ஏ.விடம் குவிவது மக்களாட்சிக்கு ஆபத்து என்று அவருடைய கடிதம் எச்சரித்தது. எச்சரிக்கை எடுபடவில்லை. மறு ஆண்டே மேரிலாந்து மாநிலத்தின் ஃபோர்ட் மீட் வளாகத்தில் சைபர் கமாண்ட் என்ற படை அமைப்பு செயல்படத் தொடங்கியது, என்.எஸ்.ஏ. இயக்குநர் கீத் அலெக்சாண்டரே அதன் தளபதியாகவும் பொறுப்பேற்றார்.

ஏறத்தாழ அதே காலத்தில், பதின்மூன்று லட்சம் பேர் வாழும் எஸ்தோனியா வேறு வழியில் போனது. ராணுவத்தை அது ஒதுக்கிவைக்கவில்லை. ஆனால் ராணுவத்துக்கு வேறோர் இடத்தைக் கொடுத்தது. இவ்விரு ஏற்பாடுகளையும் ஒப்பிடும்போது நான் முதன்மையாகப் பார்ப்பது ஒன்றைத்தான்: மென்பொருளில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடிக்கும் அமைப்பு அதைப் பயனர்களுக்குச் சொல்லியாக வேண்டிய நிலையில் இருக்கிறதா, அல்லது மறைத்துவைத்தால் ஆதாயம் அடையும் நிலையில் இருக்கிறதா?

அமெரிக்க ஏற்பாட்டுக்கு நியாயம் இல்லாமல் இல்லை. தேர்ந்த கணிதவியலாளர்களும் பொறியாளர்களும் பெருமளவில் என்.எஸ்.ஏ.விடம் இருக்கிறார்கள், எதிரியின் வலையமைப்புக்குள் காது வைத்திருப்பவருக்கே வரப்போகும் தாக்குதல் முதலில் தெரியும். 2020 ஜனவரியில் விண்டோஸின் குறியாக்கப் பகுதியில் இருந்த கடுமையான பிழை ஒன்றை அந்த அமைப்பே மைக்ரோசாஃப்டுக்குத் தெரிவித்துத் திருத்தவும் வைத்தது. குடிமக்கள் தரப்புப் பாதுகாப்புக்கென சிசா என்ற தனி அமைப்பும் 2018 முதல் இருக்கிறது. ஆயினும் ஒட்டுக்கேட்பவரும் தாக்குபவரும் காப்பவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது எந்தப் பணி மற்றதை விழுங்கும் என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும்.

முதலாவது டூயல் இ.சி. விவகாரம். குறியாக்கத்துக்கு அடிப்படையான சீரற்ற எண்களை உருவாக்கும் இந்த முறை, என்.எஸ்.ஏ.வின் முயற்சியால் 2006இல் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்டின் பரிந்துரைகளில் இடம்பெற்றது. அதில் வரும் மாறிலிகளுக்கு இடையிலான மறைவான தொடர்பை அறிந்தவர் அடுத்து வரப்போகும் எண்களைக் கணித்துவிட முடியும் என்று மறு ஆண்டே மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் இருவர் காட்டினார்கள். 2013இல் என்.எஸ்.ஏ.வின் முன்னாள் ஒப்பந்தப் பணியாளர் எட்வர்ட் ஸ்னோடன் வழியாக வெளிவந்த ஆவணங்கள் அந்தச் சந்தேகத்தை வலுப்படுத்தின. 2014இல் நிஸ்ட் அம்முறையைக் கைவிட்டது. கதை அதோடு முடிந்திருந்தால் அமெரிக்க அரசின் ஒட்டுக்கேட்பு என்ற அளவில் நின்றிருக்கும். 2015 டிசம்பரில் வலையமைப்புக் கருவிகள் தயாரிக்கும் ஜூனிப்பர் நிறுவனம், வெளித்தாக்குதலைத் தடுக்கும் தன் ஃபயர்வால் மென்பொருளில் அனுமதியற்ற நிரல் நுழைந்திருப்பதாக அறிவித்தது. அதை ஆராய்ந்தவர்கள், டூயல் இ.சி.யின் மாறிலி ஒன்றை யாரோ மாற்றியிருப்பதைக் கண்டார்கள். பின்வாசல், அதாவது ரகசிய நுழைவழி, ஏற்கெனவே கட்டப்பட்டிருந்ததால், வந்தவர்கள் அதன் பூட்டை மட்டும் தங்களுடையதாக மாற்றிக்கொண்டார்கள்.

இரண்டாவது உலகறிந்தது. விண்டோஸின் ஓட்டை ஒன்றைப் பயன்படுத்தும் எட்டர்னல்புளூ என்ற தாக்குதல் கருவியை என்.எஸ்.ஏ. தன் பயன்பாட்டுக்காக வைத்திருந்தது. கருவி கைமாறி 2017 ஏப்ரலில் பொதுவெளிக்கு வந்தது. மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் திருத்தத்தை வெளியிட்டிருந்தபோதும், அதைப் பதியாத கணினிகள் ஏராளம். மே மாதத்தில், இந்தக் கருவியைப் பயன்படுத்தி, கோப்புகளை முடக்கிப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற தீநிரல் பரவி, பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகள் ரத்தாகும் நிலை வந்தது. அந்த ஓட்டையைக் கண்டவுடன் சொல்லியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். என்.எஸ்.ஏ.வையும் சைபர் கமாண்டையும் வெவ்வேறு தலைமையின் கீழ் வைக்குமாறு குடியரசுத் தலைவர் ஒபாமா அமைத்த ஆய்வுக் குழு 2013 டிசம்பரிலேயே பரிந்துரைத்தது. ஒபாமா அப்போது அதை ஏற்கவில்லை.

எஸ்தோனியாவின் பாடம் 2007 ஏப்ரல் இறுதியில் தொடங்கியது. தலைநகர் தாலினில் இருந்த சோவியத் காலத்து வெண்கலப் படைவீரர் சிலை இடம் மாற்றப்பட்டதை அடுத்து அரசு இணையதளங்கள், வங்கிகள், நாளேடுகள் ஆகியவற்றின் மீது போலிக் கோரிக்கைகள் வெள்ளமாகக் கொட்டப்பட்டன. இத்தகைய அதிர்ச்சிக்குப் பின் கட்டுப்பாட்டை ராணுவத்திடம் ஒப்படைப்பதே பல நாடுகளில் வழக்கமாக நடந்திருக்கும். அங்கோ அன்றாடப் பாதுகாப்பு குடிமை நிர்வாகத்தின் தகவல் அமைப்பு ஆணையத்திடமே விடப்பட்டது. பகலில் தனியார் நிறுவனங்களில் வேலை பார்க்கும் வல்லுநர்கள், பாதுகாப்புக் கழகம் என்ற தன்னார்வப் படையின் சைபர் பிரிவில் சேர்ந்து, நெருக்கடியில் குடிமை அமைப்புகளுக்குக் கைகொடுக்கிறார்கள். 2018இல் உருவான ராணுவ சைபர் கட்டளையகம் முதன்மையாகப் பாதுகாப்புத் துறையின் வலையமைப்புகளைப் பார்த்துக்கொள்கிறது. வெளிநாட்டு உளவு தனி அமைப்பின் வேலை.

இந்தப் பிரிப்பின் பலன் 2017இல் தெரிந்தது. தேசிய அடையாள அட்டையின் சிப்பில் குறியாக்கச் சாவிகளைப் பலவீனமாக்கும் பிழை இருப்பதைச் செக் நாட்டு ஆய்வாளர்கள் கண்டு தெரிவித்தார்கள். பாதிக்கப்பட்டவை ஏறத்தாழ 7,50,000 அட்டைகள். இணையவழி வாக்களிப்பும் நடக்கும் உள்ளாட்சித் தேர்தலோ அக்டோபரில். ரகசியமாக வைத்துக்கொள்ள எல்லாக் காரணங்களும் இருந்தும், செப்டம்பர் தொடக்கத்திலேயே அரசு அதை வெளிப்படையாக அறிவித்தது. நவம்பரில் புதுப்பிக்கப்படாத அட்டைகளின் சான்றிதழ்களை நிறுத்திவைத்தது. அதுவரை அட்டைகளைப் புழக்கத்தில் விட்டது சரியா என்ற விவாதம் எழுந்தது. விவாதிக்க மக்களுக்குச் செய்தி கிடைத்திருந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எஸ்தோனியாவைப் புனிதமாக்கத் தேவையில்லை. தொலைத்தொடர்புத் தரவுகளைப் பெற அரசு வழக்குரைஞரே அனுமதி வழங்கலாம் என்ற அதன் நடைமுறை ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானது என்று 2021இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேலும், நேட்டோவின் குடைக்குள் நின்றுகொண்டு வெளிப்படைத்தன்மையைக் கடைப்பிடிப்பது சற்று எளிது. அந்தக் குடையின் பெரும்பகுதியைத் தாங்குவது அமெரிக்காவே.

அளவையும் வல்லரசுப் போட்டியையும் காரணம் காட்டி அமெரிக்க வழியை நியாயப்படுத்துவோர் உண்டு. தாக்கும் திறன் அமெரிக்காவுக்குத் தேவை என்பதை ஏற்றுக்கொண்டாலும், அதைக் காக்கும் பணியோடு ஒரே தலைமையின் கீழ் கட்டிவைக்க வேண்டும் என்பது அதிலிருந்து வந்துவிடாது. என் தேர்வு எஸ்தோனிய வழியே.

ஆனால் சீருடை இல்லாவிட்டால் சுதந்திரம் தானாக வந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. அதற்கு நம் நாடே சான்று. இந்தியாவின் செர்ட்-இன், கணினித் தாக்குதல்களைக் கையாள மின்னணுவியல் அமைச்சகத்தின் கீழ் உள்ள குடிமை அமைப்பு. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினியில் தீநிரல் புகுந்ததை 2019 செப்டம்பரில் அணுமின் கழகத்துக்குத் தெரிவித்தது அதுதான். பொதுமக்களுக்கு அது அக்டோபர் இறுதியில், அதுவும் நிலையத்தின் மறுப்பு அறிக்கைக்கு மறுநாள்தான் உறுதியானது. அதே செர்ட்-இன் 2022 ஏப்ரலில், பயனரின் இணையத் தொடர்பை மறைத்துத் தரும் விபிஎன் சேவை நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் சேமிக்க வேண்டும் என்று ஆணையிட, சில நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து அகற்றிக்கொண்டன. 2023 நவம்பரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் விலக்குப் பட்டியலில், உளவு அமைப்புகளின் வரிசையில், செர்ட்-இன் சேர்க்கப்பட்டது. கூடங்குளம் போன்ற இன்னொரு சம்பவம் நேர்ந்தால் அந்த அமைப்புக்கு என்று தெரிந்தது, யாரிடம் சொன்னது என்று குடிமகன் கேட்டுப் பெறும் வழி இப்போது மிகவும் குறுகிவிட்டது.