பீட்டிலின் பானட்டை ஒரு கீறல் இல்லாமல் திறந்து கொடுத்த மெர்பேங்க் மெக்கானிக்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரம் பக்கம் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வைத்திருக்கிறீர்களா? முன்பக்க பானட் திறக்காமல் மாட்டிக்கொண்டால், தகரம் வெட்டுகிற கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வருகிற யாரிடமும் வண்டியைக் கொடுக்காதீர்கள். டர்பனின் மெர்பேங்க் பகுதியில் தன் வீட்டுக் கொல்லையில் தகரக் கூரை போட்டு வேலை பார்க்கிற ஒரு பெரியவர் இருக்கிறார், அவரிடம் கொண்டு போங்கள். பெயர்ப்பலகை கிடையாது. பழைய வோல்க்ஸி (ஃபோக்ஸ்வேகனுக்கு இங்கே செல்லப்பெயர்) பார்க்கிற அண்ணன் வீடு எது என்று அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் கைகாட்டிவிடுவார்கள். அவர் செய்த வேலையை விவரமாக எழுத வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் இதே சிக்கலில் நல்ல வண்டிகளை வெட்டிக் கெடுத்துவிட்டார்கள் என்று அடிக்கடி கேள்விப்படுகிறேன், கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

மற்ற கார்களில் பானட் திறக்காவிட்டால் ஆயில் பார்க்க முடியாது, தண்ணீர் ஊற்ற முடியாது. பீட்டிலில் நிலைமை வேறு. இன்ஜின் பின்னால் இருக்கிறது, பேட்டரிகூடப் பின்சீட்டுக்கு அடியில்தான். முன்னால் அந்த பானட்டுக்குக் கீழே இருப்பது ஸ்பேர் வீல், ஜாக், பிரேக் ஆயில் டப்பா, எல்லாவற்றுக்கும் மேலாக பெட்ரோல் டேங்க். பெட்ரோல் ஊற்றுகிற மூடி வெளியே பக்கவாட்டுக்கு வந்ததே 1968 மாடலில்தான். அதற்கு முந்தைய வண்டிகளில் மூடி உள்ளேதான், பம்ப்புக்குப் போனால் பானட்டைத் தூக்கித்தான் ஊற்ற வேண்டும். என்னுடையது 1965, இங்கேயே யூட்டன்ஹேக் தொழிற்சாலையில் செய்த வண்டி. (அந்த ஊருக்கு 2021 முதல் கரீகா என்று பெயர். 1951இல் தொடங்கி 1979 வரை பீட்டில் அங்கேதான் செய்தார்கள்.) அப்பா வாங்கியது, பெயின்ட்கூடப் பெரும்பாலும் அந்தக் காலத்துப் பெயின்ட்தான். பானட் பூட்டிக்கொண்டது என்றால் டேங்கில் மிச்சம் இருப்பது தீர்ந்ததும் வண்டி நிற்க வேண்டியதுதான். எங்கள் வண்டியில் முள் கால்வாசிக்குக் கீழே இருந்தபோது டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும், பானட்டைத் திறக்க இழுக்கிற குமிழ் கழன்று கையோடு வந்துவிட்டது, அதோடு சேர்ந்த கம்பியின் நுனி மட்டும் குழாய்க்கு வெளியே கொஞ்சம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் பெரிய கராஜ் ஒன்றுக்குத்தான் போனேன். பெயர் வேண்டாம். அங்கே இருந்த பையன் கம்பியை ஒரு தடவை பிடித்து இழுத்துப் பார்த்தான், வரவில்லை. உடனே, பூட்டு இருக்கிற இடத்தில் தகரத்தை கிரைண்டரால் வெட்டித் திறந்துவிட்டு அப்புறம் வெல்டிங் வைத்துப் பெயின்ட் அடித்துவிடலாம் என்றான். பெயின்ட் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க், அதுவும் முக்கால்வாசி காலி. காலி டேங்கில் ஆவி நிறைந்திருக்கும், தீப்பிடிப்பது அந்த ஆவிதான். பழைய மூடியின் ரப்பர் ஐம்பது அறுபது வருடம் கழித்து எந்த லட்சணத்தில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே கிரைண்டர் பொறி பறக்கலாமா? வண்டியை எடுத்துக்கொண்டு நேராக வெளியே வந்துவிட்டேன்.

மெர்பேங்க் அண்ணன் பீட்டில்கள் புதிதாக விற்ற காலத்திலேயே இந்த வண்டிகளில் கை வைத்தவர். நான் போய் நிறுத்தியதும் கருவி எதையும் எடுக்கவில்லை. பானட்டுக்கும் இரண்டு பக்க மட்கார்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை விரலால் தடவிக்கொண்டே போனார், இடது பக்கம் நெருக்கமாக இருப்பதைக் காட்டி, "முன்னாடி யாராச்சும் இடிச்சாங்களா தம்பி?" என்று கேட்டார். ஆமாம், கொஞ்ச நாள் முன்பு கடை வாசலில் நிறுத்தியிருந்தபோது யாரோ பம்பரைத் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். அவர் தலையாட்டினார். அப்புறம் அந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு பழைய பூட்டையே கையில் கொடுத்து விளக்கினார், இதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பானட்டின் உள்பக்கம், கைப்பிடிக்குக் கீழே ஒரு முளை தொங்குகிறது, அதைச் சுற்றி ஸ்பிரிங். கீழே முன்தகரத்தில் ஒரு தகடு, ஸ்பிரிங் பிடித்திருக்க, பக்கவாட்டில் நகரும். முளை இறங்கியதும் அந்தத் தகடு அதன் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே குமிழை இழுத்தால் குழாய்க்குள் ஓடுகிற கம்பி தகட்டை விலக்கும், முளை விடுபடும், ஸ்பிரிங் பானட்டைக் கொஞ்சம் மேலே தள்ளும், அப்புறம் விரலை விட்டுக் கொக்கியை விலக்கித் தூக்க வேண்டும். இதில் கெடக்கூடியவை சில இடங்கள்தான். குழாய்க்குள் கம்பி துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், தகடு காய்ந்து இறுகும், கம்பியைப் பிடித்திருக்கிற திருகு நழுவும், இல்லையென்றால் பானட் கோணலாக உட்கார்ந்து முளை தகட்டின்மேல் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டிருக்கும். எங்கள் வண்டியில் துருவும் கோணலும் சேர்ந்துகொண்டன. கடற்காற்று ஊரில் துருவுக்குக் கேட்கவா வேண்டும்.

அன்றைக்கு அவர் செய்தது இரண்டே காரியம். குழாயின் வாயில் மெல்லிய ஸ்ட்ரா வைத்துத் துரு இளக்கும் எண்ணெயை விட்டுவிட்டு, வண்டியின் மூக்கைச் சரிவில் கீழ்நோக்கி நிறுத்தினார், எண்ணெய் கம்பியோடு முன்னால் இறங்கட்டும் என்று. முன்பக்க ரப்பர் இடுக்கில் இன்னொரு ஸ்ட்ராவை நுழைத்துப் பூட்டு இருக்கிற திசையிலும் அடித்தார். பிறகு, "இன்னிக்கு இதை யாரும் தொடக்கூடாது, காலையில வா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு அவசரம் இருந்தது, ஆனால் அந்த ஒரு ராத்திரிதான் வண்டியைக் காப்பாற்றியது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

மறுநாள் பானட்டின்மேல் தடித்த துண்டைப் போட்டுத் தன் பேரனை நிறுத்தினார். பையன் கைப்பிடிக்கு மேலே இரண்டு உள்ளங்கையாலும் அழுத்த வேண்டும், தாத்தா சொல்லும்போது விட வேண்டும். இவர் உள்ளே மண்டியிட்டு கம்பி நுனியை வைஸ் கிரிப்பால் (கவ்வினால் பூட்டிக்கொள்கிற பிளையர்) கவ்விக்கொண்டார். வெடுக்கென்று இழுக்கவே இல்லை. "அமுக்கு... விடு... அமுக்கு" என்று சொல்லிக்கொண்டே, அழுத்தும்போது மட்டும் மெதுவாக, ஒரே சீராக இழுத்தார். அழுத்தினால் முளையின்மேல் இருக்கிற இறுக்கம் குறையும், அந்த நேரத்தில்தான் தகடு நகரும். அழுத்தாமல் இழுப்பவர்கள்தான் கம்பியை அறுத்துக்கொள்கிறார்கள் என்றார். டக் என்று ஒரு சத்தம், பானட் எழும்பிவிட்டது. பெயின்ட்டில் ஒரு கீறல் இல்லை.

கம்பி அறுந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் அண்ணே என்று கேட்டேன். அதற்கும் வரிசை வைத்திருந்தார். அடுத்தது, டாஷ்போர்டில் இருக்கும் அட்டைப்பெட்டி மாதிரியான குளோவ் பாக்ஸைக் கழற்றி, அந்த வழியாக உள்ளே நீளமான கொக்கிக் கம்பியை விட்டுப் பூட்டுத் தகட்டைத் தேடுவது. அதுவும் முடியாவிட்டால்தான், பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு, ஸ்பேர் வீல் உட்காரும் பள்ளத்தின் அடியில் கைத்துரப்பணத்தால் சின்னத் துளை. அங்கே துளை போட்டால் வேலை முடிந்ததும் அடைத்துப் பெயின்ட் வைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் சாலைத் தண்ணீர் ஏறிப் பள்ளமே அரித்துவிடும். நாற்பது வருடத்துக்கு மேல் இதே வேலை பார்ப்பவர் கடைசியில் வைத்திருக்கிற, தகரத்தில் கை வைக்கிற வழியைத்தான் அந்தப் பெரிய கராஜ் முதலிலேயே சொன்னது, அதுவும் பெட்ரோலை வடிக்கிற பேச்சே இல்லாமல்.

திறந்ததோடு அவர் விடவில்லை. பழைய கம்பியை உருவி எறிந்துவிட்டு, குழாயைச் சுத்தம் செய்து, கிரீஸ் தடவிய புதுக் கம்பியைச் செலுத்தினார். பூட்டின் இரண்டு பாதியையும் கழற்றிப் பாரஃபினில் (மண்ணெண்ணெய்) ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேய்த்தார். கீல் போல்ட்டுகளைத் தளர்த்தி பானட்டை நேராக்கினார். முளையின் லாக் நட்டைத் தளர்த்தி, உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிச் சரிபார்த்தார், இதற்கு மட்டுமே காலைப் பொழுதில் பாதி போயிற்று. வீட்டுக்கு வீடு இருக்கிற கியூ20 ஸ்ப்ரே துருவை இளக்கவும் ஈரத்தைத் துரத்தவும் நல்லதுதான், ஆனால் பூட்டுக்கு நிரந்தரமாக அது போதாது, கிரீஸ் வேண்டும் என்பது அவர் கட்சி. பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகு நானும் அந்தக் கட்சிதான்.

கடைசியாக, நான் கேட்காமலேயே, பூட்டுத் தகட்டில் இரண்டாவதாக ஒரு மெல்லிய கம்பியைக் கட்டி வெளியே தெரியாத இடத்தில் கொண்டுவந்து விட்டார். முதல் கம்பி போனால் இதை இழுத்துத் திறந்துகொள்ளலாம். எங்கே என்று எழுத மாட்டேன், நீங்களும் உங்கள் வண்டியில் இருப்பதை யாரிடமும் சொல்லாதீர்கள். கேபிளால் திறக்கிற எந்தப் பழைய வண்டிக்கும் இது வேண்டும் என்று நினைக்கிறேன். பழைய மினி வைத்திருப்பவர்களுக்குத் தேவையில்லை, அதில் உள்ளே கேபிளே கிடையாது, முன்னால் கையை விட்டுத்தான் திறக்க வேண்டும்.

குறையும் சொல்ல வேண்டும். நேரம் சொன்னால் நேரத்துக்கு முடிக்க மாட்டார். கார்டு வாங்க மாட்டார், காசுதான். இன்ஷூரன்ஸுக்கு ரசீது கேட்டால் நோட்டுத்தாளில் எழுதித்தான் தருவார். பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினால் கருவியைக் கீழே வைத்துவிடுவார், அதை நேரிலேயே பார்த்தேன், என்னை அல்ல, வேறொருவரை. எல்லா வேலைக்கும் சேர்த்துக் கூலி 900 ராண்ட், கம்பி விலை தனி. அந்த வெல்டிங்குக்கும் பெயின்ட்டுக்கும் பெரிய கராஜ் சொன்ன தொகை இதைப் போலப் பல மடங்கு.

போகிறவர்கள் வண்டியின் வருடத்தைச் சரியாகச் சொல்லுங்கள், 1968 மாடலிலிருந்து வந்த வண்டிகளில் பானட்டும் கைப்பிடியும் பூட்டும் மாறிவிட்டன. குமிழ் கழன்று வந்திருந்தால் அதையும் எடுத்துப் போங்கள், பழையதையே திரும்ப மாட்டித் தருவார். கம்பி நுனியை மட்டும் போகும் வழியில் நீங்களோ வேறு யாரோ பிளையரால் இழுத்துப் பார்க்க வேண்டாம்.